கிராஞ்சியில் அவர் பெயரை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தாத்தாவின் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து 1941-ல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார், திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறீர்கள், கையில் இருப்பது ஒரே ஒரு நாள், கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போவதா, போர் அருங்காட்சியகத்துக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், 'அங்கே அவர் பெயர் இருக்குமா' என்றும் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன், எங்கே முதலில் போவது என்பது அதிலேயே தெளிவாகிவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் 22 வருஷம், அதில் பெரும்பகுதி ரெக்கார்ட் ஆபீஸ் கிளார்க் வேலை. ஓய்வுக்குப் பிறகு, மகள் சிங்கப்பூரில் இருப்பதால் வருஷத்துக்கு ஒரு முறையாவது அங்கே போகிறேன். கிராஞ்சிக்கு மட்டும் பதினைந்து தடவை போயிருப்பேன், அதில் பாதி உங்களைப் போன்ற குடும்பங்களோடு. நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. ஒரு பதிவில் என்ன எழுதியிருக்கிறது, எழுதிய கிளார்க் அதை ஏன் அப்படி எழுதினான் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆள் என்ன நினைத்தார், கடைசி நாளில் எப்படி இருந்தார் என்பதைப் பதிவு சொல்லாது, நானும் சொல்ல முடியாது.

முதலில் ஒன்றை நிச்சயமாகச் சொல்லலாம்: பெயரை வீட்டிலேயே தேடி வைத்துக்கொள்ளாமல் கிராஞ்சிக்குப் போகாதீர்கள். அங்கே கல்லறையே தெரியாதவர்களுக்கான சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் மட்டும் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குடும்பம் கோவையிலிருந்து வந்து, எந்தக் குறிப்பும் இல்லாமல், வெயிலில் இரண்டரை மணி நேரம் ஒவ்வொரு சுவராகப் படித்துவிட்டு, எண்பது வயது அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். பெயர் அங்கேதான் இருந்தது. அடுத்த வாரம் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஆனால் அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்க்கவில்லையே.

தேடுவதற்கு ஒரே இடம் போதும். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என்ற அமைப்புதான் கிராஞ்சியைப் பராமரிக்கிறது, இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் இரண்டாம் உலகப் போர் என்றும், இந்தியப் படை என்றும், நினைவிடம் சிங்கப்பூர் என்றும் வடிகட்டிக்கொண்டு பெயரைத் தேடுங்கள். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள். நாம் ரேஷன் கார்டில் எழுதுகிற மாதிரி அங்கே பெயர் இருக்காது. ஆள் சேர்த்த இடத்தில் கிளார்க் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் ஆங்கிலத்தில் எழுதியிருப்பான். மாரிமுத்து என்பது 'மாரி' 'முத்து' என்று இரண்டு பெயராகப் பிரிந்து கிடக்கும், முத்துசாமியின் சாமி 'சுவாமி'யாக இருக்கும், தங்கவேலுவில் 'ஹெச்' இருக்கும் அல்லது இருக்காது. ழ வந்தால் கதை முடிந்தது: பழனியை ல என்று ஒருவன் எழுதுவான், இன்னொருவன் வேறு ஏதாவது எழுதுவான். இனிஷியல் அனேகமாக இருக்காது. ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் முழுப் பெயரைப் போடாதீர்கள், முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டு, வருகிற பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அந்தப் பட்டியலில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் வந்தால் பயப்பட வேண்டாம். பல பேருக்குக் கீழே 'இன்னாருடைய மகன், இந்த ஊர், இந்த மாவட்டம்' என்று ஒரு வரி இருக்கும், மனைவி பெயரும் சில சமயம் இருக்கும். அந்த ஒரு வரிதான் ஆளை அடையாளம் காட்டும். மாவட்டம் அந்தக் காலத்து மாவட்டம் என்பதை மறக்காதீர்கள். திருப்பத்தூர்க்காரர் வட ஆற்காட்டில் இருப்பார், நாமக்கல்காரர் சேலத்தில், சிவகங்கைக்காரர் ராமநாதபுரத்தில். அப்பா பெயரும் ஊரும் இரண்டும் பொருந்தினால் அது அவர்தான் என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பெயர் மட்டும் பொருந்தினால் அது வெறும் சாத்தியம்தான், அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் 'கிடைத்துவிட்டார்' என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லி, பிறகு வேறு ஊர்க்காரர் என்று தெரிந்து, ஒரு பாட்டி இரண்டாவது முறை அழுததைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று கிளறுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய மணியார்டர் ரசீது, கடித உறை, பென்ஷன் தாள் ஏதாவது இருந்தால் பட்டாள நம்பர் கிடைக்கும். நம்பர் கிடைத்துவிட்டால் பெயரின் எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும் கவலையில்லை. மெடல் இருந்தால் அதன் முன்பக்கம் படியுங்கள். ஆறு முனை நட்சத்திரத்தில் பசிபிக் ஸ்டார் என்று இருந்தால் அவர் மலாயா, சிங்கப்பூர் அல்லது ஹாங்காங் பக்கம் இருந்தவர் என்பதற்கு நல்ல சாட்சி. பர்மா ஸ்டார் என்று இருந்தால், குடும்பத்தில் 'சிங்கப்பூர் சண்டை' என்று வாய்வழியாக வந்த கதையைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். அவர் பர்மாவில் இறந்திருந்தால் பெயர் கிராஞ்சியில் இருக்காது, ரங்கூனுக்கு வெளியே தௌக்கியானில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கும், அங்கேயும் ஏறத்தாழ 27,000 பெயர்கள். நம் ஊரில் மலாயா, சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா மூன்றையும் 'அக்கரை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிற பழக்கம் இருந்ததால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

'மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். முதல் உலகப் போருக்குப் பிறகு மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகளை 1920-களில் ஆங்கிலேயர்கள் கலைத்துவிட்டார்கள், இரண்டாம் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பிறகுதான் மறுபடி கட்டினார்கள். 1941 டிசம்பரில் மலாயாவில் இருந்த தமிழர்களைச் சாப்பர்ஸ், சர்வீஸ் கோர் லாரி ஓட்டுநர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், தளவாடக் கிடங்கு ஆட்கள் இவர்களுக்குள்தான் பெரும்பாலும் தேட வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பாலம் கட்டுவதும் பாலத்தை வெடிவைத்து உடைப்பதும் அவர்கள் வேலை. எங்கள் பக்கம் இன்றைக்கும் அவர்களுக்குத் 'தம்பி' என்றுதான் பெயர். பின்வாங்குகிற சண்டையில் கடைசியாகப் பாலத்தை விட்டு நகர்கிறவன் சாப்பர்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆகவே ரெஜிமெண்ட் கட்டத்தை நிரப்பாமல் விட்டுத் தேடுங்கள்.

அந்தச் சண்டை எப்படி நடந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நினைவிடத்தில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கும். ஜப்பானியர்கள் 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அந்தக் கடற்கரையில் அவர்களை எதிர்கொண்டதே டோக்ரா, பலூச் என்று நம் நாட்டுப் பட்டாளங்கள்தான். வடக்கே ஜித்ராவில் 11-வது இந்திய டிவிஷன் உடைந்தது, 1942 ஜனவரி 7 அன்று ஸ்லிம் ஆற்றங்கரையில் டாங்கிகள் சாலையோடு ஊடுருவி மிச்சத்தையும் சிதறடித்தன. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு கார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். மொத்தம் 70 நாள். தீவில் சரணடைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள். பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி வைத்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அங்கேதான்.

இனி கிராஞ்சிக்குள் போவோம். வடக்கு தெற்கு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) தடத்தில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கினால் உட்லண்ட்ஸ் சாலை வழியாக நடந்தே போய்விடலாம், கட்டணம் கிடையாது. சரிவான பச்சைப் புல்வெளியில் வெள்ளைக் கற்கள் வரிசையாக ஏறிப் போகும், அங்கே 4,461 பேருக்கான கற்கள் இருக்கின்றன, அதில் 850-க்கும் மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியாதவர்கள். நான் முதல் தடவை போனபோது செய்த தவறைச் சொல்கிறேன். அந்தக் கற்களுக்கு நடுவில் ஒரு மணி நேரம் நடந்தேன். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர் பெயர்களாகவே கண்ணில் பட்டன. நம்மவர்களை மறந்துவிட்டார்களே என்று மனது கசந்துபோய், பாதியிலேயே திரும்பிவிட்டேன். தப்பு என்னுடையது. நம்மவர்களில் பெரும்பாலோர் கற்களுக்கு அடியில் இல்லை, மேட்டின் உச்சியில் இருக்கிறார்கள்.

மேலே ஏறினால் விமான இறக்கை போல ஒரு தட்டையான கூரையும், நடுவில் 24 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரமும் தெரியும். அதைத் தாங்குகிற 12 அகலமான தூண்களில்தான் அந்த 24,000 பெயர்கள். தூண் என்கிறேனே தவிர அவை சுவர் மாதிரிதான் இருக்கும். இணையதளத்தில் உங்கள் பெரிய தாத்தாவின் பக்கத்தில் ஒரு நெடுவரிசை எண் கொடுத்திருப்பார்கள், அந்த எண் கல்லின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் அகர வரிசை என்று பெயர்கள் போகும். சாப்பர் என்றால் ஹவில்தார், நாயக் எல்லாம் தாண்டிக் கீழே வர வேண்டும். சில பெயர்கள் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும், ஃபோன் கேமராவைப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும்.

அங்கேயும் இல்லையென்றால் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பெரிய நினைவுச் சின்னத்துக்கு நேர் பின்னால் இன்னொன்று இருக்கிறது, வருகிறவர்களில் பலர் அதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம் அது. கிட்டத்தட்ட 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர், அவரவர் மதப்படி எரியூட்டப்பட்டவர்கள். எரிக்கப்பட்டவனுக்குக் கல்லறை கிடையாது, ஆனால் அவன் காணாமல் போனவனும் இல்லை, அதனால் தனி இடம். ஆஸ்பத்திரியிலோ முகாமிலோ இறந்து, சக சிப்பாய்கள் கொள்ளி வைத்த ஒருவராக இருந்தால் அவர் பெயரை இங்கேதான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் கிராஞ்சியிலேயே அதிகம் மனதைத் தொடுகிற இடம் இதுதான். யாரோ ஒருவன், போருக்கு நடுவில், விறகு தேடி, இவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறான்.

பெயரோடு ஒரு தேதியும் இருக்கும். அந்தத் தேதியை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ இறந்தவர் என்றால் ஓரளவு நம்பலாம். சண்டையில் காணாமல் போனவர் என்றால் அது ஆபீஸ் தேதியாக இருக்கலாம். உடலும் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை என்றால், குடும்பத்துக்குப் பென்ஷன் கொடுக்கக் கோப்பை முடித்தாக வேண்டும், அதற்காக இறந்ததாகக் கொள்ளப்படும் நாள் என்று ஒன்றைத் தீர்மானிப்பார்கள். சிங்கப்பூர் விழுந்த நாளையே ஒருவருக்குப் போட்டிருந்தால், அன்றுதான் இறந்தார் என்று முடிவு கட்டாதீர்கள், 'அதற்குப் பிறகு அவரைப் பற்றிச் செய்தி இல்லை' என்று படித்துக்கொள்ளுங்கள். திதி கொடுக்க அந்தத் தேதியை வைத்துப் பஞ்சாங்கம் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். நாள் தெரியாதவர்களுக்கு நம் பெரியவர்கள் மகாளய அமாவாசையை வைத்திருக்கிறார்களே, அதுவே போதும் என்றேன்.

பெயர் எங்குமே இல்லையென்றால்? இதற்குப் பல காரணங்கள் உண்டு, எது உங்கள் வீட்டுக் காரணம் என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. வடக்கு மலாயாவில் இறந்து தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கலாம். கைதியாகப் பிடிபட்டு, கப்பலில் நியூ கினிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் உண்டு, அவர்களில் இறந்தவர்கள் லே என்ற ஊரிலும் ரபௌல் பக்கம் பீத்தா பாக்காவிலும் இருக்கிறார்கள். அதனால் நினைவிட வடிகட்டியை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடுங்கள். இன்னொன்று: அவர் சிப்பாயாகவே இல்லாமல், தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளியாக இருந்து, சயாம் பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவராக இருக்கலாம். 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே மடிந்த பல்லாயிரக்கணக்கான தமிழர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 'பட்டாளத்துக்குப் போனார்' என்று வீட்டில் சொன்னது, போனவரைப் பற்றிக் கௌரவமாகச் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம்.

அப்புறம், நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட விஷயம், அவர் நேதாஜி படையில் சேர்ந்திருப்பாரா என்பது. சுவரில் பெயர் இருப்பதால் சேரவில்லை என்று ஆகாது, இல்லாததால் சேர்ந்துவிட்டார் என்றும் ஆகாது. ஃபேரர் பார்க்கில் நின்ற 45,000 பேரும் ஒரே முடிவு எடுக்கவில்லை, எடுத்த முடிவில் எல்லோரும் கடைசி வரை நிற்கவும் இல்லை. பசி, அதிகாரிகள் மேல் கோபம், நாட்டுப்பற்று, கூட இருந்தவன் போனான் என்பது, இப்படி எத்தனையோ. தாள் இல்லாமல் நான் இதில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும் அவர் உங்கள் தாத்தாவின் அண்ணன்தான்.

உள்ளூரில் தேட முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போகலாம், அழகான அமைதியான இடம், ஆனால் மலாயாவில் விழுந்தவரை அங்கே தேடிப் பயனில்லை. டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களில் இறந்தவர்கள் பெயர்தான். சாப்பர் என்று உறுதியானால் பெங்களூரில் உள்ள அந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு பெயர், அப்பா பெயர், கிராமம், சேர்ந்த வருஷம் எல்லாம் போட்டுக் கடிதம் எழுதலாம். பழைய கோப்புகளைக் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவது விதிமுறை என்பதால் முழுக் கதையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தாலே பெரிது. ஒரு ஆறுதல், அவர் இரண்டாம் போர்க்காரர். முதல் போரில் மெசபொடேமியாவில் (இன்றைய இராக்) இறந்த நம் சாதாரணச் சிப்பாய்களுக்கு பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பெயர்கூடச் செதுக்கவில்லை, பட்டாளத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். அந்தப் போர்க் கல்லறைகள் ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சிங்கப்பூர் சுவரில் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு.

சரி, அந்த ஒரு நாளை எப்படிச் செலவு செய்வது? காலையிலேயே கிராஞ்சி, ஏனென்றால் வெயில் ஏறினால் மேட்டில் நிழல் குறைவு, பெரியவர்கள் கூட வந்தால் குடையும் தண்ணீரும் அவசியம். பூ கொண்டுபோங்கள், பெயருக்குக் கீழே தரையில் வையுங்கள். கற்பூரம், எண்ணெய், குங்குமம் எதையும் கல்லில் படவிடாதீர்கள், கறை போகாது, பக்கத்தில் இருப்பது இன்னொருவர் வீட்டுப் பெயர். முடித்துவிட்டு அதே சாலைத் தொடரில் தெற்கே வந்தால் பழைய ஃபோர்டு தொழிற்சாலை, இப்போது அருங்காட்சியகம். சரணடைந்த அந்த அறை அப்படியே இருக்கிறது. அசல் மேஜை மட்டும் ஆஸ்திரேலியாவில், கான்பராவில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாங்கி அருங்காட்சியகத்தை இந்தப் பயணத்தில் நான் விட்டுவிடச் சொல்வேன். நல்ல இடம்தான், ஆனால் அது பெரும்பாலும் அங்கே அடைபட்ட வெள்ளைக்காரக் கைதிகளின் கதை, இந்தியக் கைதிகளை நீ சூன், பிடாதாரி, சிலேத்தார் என்று வேறு முகாம்களில் வைத்திருந்தார்கள். சாயங்காலம் நேரம் இருந்தால் ஃபேரர் பார்க் மைதானப் பக்கம் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள், லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம். 1942 பிப்ரவரியில் அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெயர்ச் சுவருக்கு வெளியே அவருக்கு இவ்வளவு நெருக்கமாகப் போகக்கூடிய இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன் அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர் மூன்றையும் பதிலாக இங்கேயே எழுதுங்கள், நானும் பட்டியலைப் பார்க்கிறேன். பெயரில் ழ இருந்தால் மட்டும் எனக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள்.